இஸ்தோப்பில் படுத்திருக்கும் சொறி

பசறை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களில் நாய்க்கு ஒரே வீடு என்று கிடையாது. ஒரு வீட்டில் சோறு, அடுத்த வீட்டு இஸ்தோப்பில் தூக்கம். மயிர் கொட்டிய நாய் என்றால் மட்டும் எல்லா வாசலிலும் விரட்டுவார்கள். மயிர் கொட்டத் தெள்ளு, படை என்று காரணங்கள் பல உண்டு. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு சிற்றுண்ணிகளின் கதைதான் விசித்திரமானது.

முதலாவது சார்கோப்டெஸ். அரை மில்லிமீற்றர்கூட இராது. பெண் உண்ணி தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டிக்கொண்டே போய் முட்டையிடும்; ஏறத்தாழ மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். காதோரம், முழங்கை, வயிறு என்று மயிர் குறைந்த இடங்கள்தான் அதற்குப் பிடிக்கும். அரிப்புக்குக் காரணம் கடி மட்டுமல்ல. உண்ணியின் எச்சத்துக்கும் உமிழ்நீருக்கும் நாயின் உடல் காட்டும் ஒவ்வாமைதான் பெரும்பங்கு. அதனால் விரல்விட்டு எண்ணக்கூடிய உண்ணிகளே ஒரு நாயை இரவெல்லாம் தூங்கவிடாமல் செய்யும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தாலும் பலமுறை அகப்படாது. மிருக வைத்தியர் காதின் ஓரத்தை மடித்துத் தேய்த்துப் பார்ப்பார். பின்னங்கால் தானாகச் சொறிய எழுந்தால் சந்தேகம் வலுக்கும்.

இரண்டாவது டெமோடெக்ஸ், சுருட்டு வடிவில் மயிர்க்குழிக்குள் தலைகீழாகக் கிடப்பது. இது வெளியிலிருந்து வந்த எதிரி அல்ல. பிறந்த சில நாட்களில், பால் குடிக்கும்போதே, தாயிடமிருந்து குட்டிக்கு வந்துவிடுகிறது. ஆரோக்கியமான நாய்களிடமும் இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி தளரும்போதுதான் பெருகி, கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் மயிரை உதிர்க்கும். ஆரம்பத்தில் அரிப்பே இராது, மனிதருக்கும் தொற்றாது.

சார்கோப்டெஸ் தொற்றும். நாயை அணைத்துத் தூங்கும் பிள்ளையின் கையில் சிவப்புப் பருக்கள் வரலாம். ஆனால் நாயின் உண்ணிக்கு நம் தோலில் வம்சம் பெருக்க முடியாது. நாய் குணமானால் பிள்ளைக்கும் அரிப்பு அடங்கிவிடும். வெயிலும் வறட்சியும் இந்த உண்ணியைச் சீக்கிரம் உலர்த்திக் கொல்லும். குளிரும் ஈரமும் ஆயுளைக் கூட்டும். ஹப்புத்தளைப் பனிமூட்டத்தில் காயாமல் கிடக்கும் சாக்குப் படுக்கை அதற்கு வசதியான இடம்.

சொறிக்குக் கழிவு ஒயில் பூசும் வழக்கம் இன்னும் போகவில்லை. புண்பட்ட தோல் அதை உறிஞ்சும், நாய் நக்கும், ஈரலும் சிறுநீரகமும் கெடும். ஐவர்மெக்டின் இருக்கையில் இது வீண் கொடுமை. ஜப்பானிய மண்ணிலிருந்து சதோஷி ஓமுரா பிரித்தெடுத்த ஒரு பக்டீரியாவில் பிறந்த மருந்து அது; அதற்காக அவரும் வில்லியம் கேம்பலும் 2015 மருத்துவ நோபல் பரிசின் பாதியைப் பகிர்ந்தார்கள். ஆனால் மரபணுக் குறையுள்ள கோலி இன நாய்களில் அது மூளைக்குள் புகுந்து நஞ்சாகும். துரை பங்களாவில் வளரும் கோலி நாய்க்கு ஆகாதது தொழிலாளர் லயத்து நாய்க்குப் பெரும்பாலும் ஆகும் என்பது ஒரு வேடிக்கை. எந்த நாய்க்கானாலும் அளவை வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

சார்கோப்டெஸ் என்று தெரிந்தால், சொறியும் நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை. முதன்முறை தொற்றிய நாய்க்கு அரிப்புத் தொடங்கச் சில வாரங்களாகும். அதற்குள் அது எத்தனையோ இஸ்தோப்புகளில் படுத்தெழுந்திருக்கும். அந்த லயத்து நாய்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் மருந்து போக வேண்டும், சாக்கையும் எரித்துவிட வேண்டும்.