செலவுக் கணக்கும் செயல் கணக்கும்

கோயமுத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் பிரயாணம் செய்வோர் போத்தனூரைத் தாண்டியதும் மதுக்கரையை அடைவர். தர்மலிங்கேசுவரர் மலையும், 1934-ல் ஏற்பட்ட சிமெண்டு ஆலையும் அவ்வூரின் அடையாளங்கள். அதற்கப்பால் எட்டிமடை, வாளையாறு வரையில் மலையடிவாரக் காடு. 1862-ல் இவ்வழியே ரயில் ஓடத் தொடங்கிற்று. யானைகளோ அதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே அங்கு நடமாடி வந்தவை. சர்க்கார் இலாகாக்களிடம் கணக்குக் கேட்கும் முறையை அறிய விரும்புவோர் டில்லிக்கோ சென்னைக்கோ போக வேண்டியதில்லை. இந்தச் சில மைல் தூர ரயில் பாதையைக் கவனித்தால் போதும் என்பது நமது அபிப்பிராயம்.

2021 நவம்பர் 26-ந் தேதி இரவு, நவக்கரைக்கு அருகே, மங்களூரிலிருந்து சென்னைக்கு வந்த எக்ஸ்பிரஸ் ரயில் மோதி மூன்று யானைகள் மாண்டன. அது முதல் விபத்தன்று. 2008 முதல் இப்பகுதியில் ரயிலில் அடிபட்டு இறந்த யானைகள் 11 என்பது வன இலாகாவே கூறிய கணக்கு. விபத்துக்குப் பின் நடந்தது இன்னும் கவனிக்கத் தக்கது. எஞ்சினின் வேகப் பதிவை எடுக்கப் பாலக்காட்டுக்குச் சென்ற தமிழ்நாட்டு வன ஊழியர்களை ரயில்வேயார் தடுத்து நிறுத்தினர். ஒரு சர்க்கார் இலாகாவின் பதிவேட்டை மற்றொரு சர்க்கார் இலாகா பார்ப்பதற்கே இத்தனை இடையூறு என்றால், வெறும் வரி செலுத்துவோனின் கதி என்னவென்று சொல்லவும் வேண்டுமா?

ரயிலை ஓட்டுவது மத்திய சர்க்காரின் இலாகா; காட்டைக் காப்பது ராஜ்ய சர்க்காரின் இலாகா. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரவு செலவுத் திட்டமும், தனித்தனித் தணிக்கையும் உண்டு. ஒவ்வொன்றின் ஏட்டிலும் வரவும் செலவும் சரியாக இருந்திருக்கலாம். ஆனால் தண்டவாளத்தில் மாண்ட யானை யாருடைய ஏட்டிலும் ஒரு செலவாக ஏறவில்லை. இரண்டு இலாகாக்களுக்கு நடுவே விழுந்த பொறுப்பு இரண்டுக்கும் சொந்தமில்லாமற் போய்விடுகிறது. இது யானைகளுக்கு மட்டும் நேர்ந்த தீமையன்று. குடிநீர்க் குழாய் பதிக்க ஓர் இலாகா தோண்டிய சாலையை மூடுவது எந்த இலாகாவின் வேலை என்று கேட்டு அலைந்தவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்!

நிற்க. மதுக்கரைக் கதை அத்துடன் முடியவில்லை. சென்னை உயர்நீதிமன்றம் இவ்விஷயத்தை விசாரித்தது. யானைகள் கடப்பதற்குத் தண்டவாளத்தின் கீழே அடிப்பாதைகள் கட்டப்பட்டன. 2024 பிப்ரவரியில், 7 கோடியே 24 லட்சம் ரூபாய்ச் செலவில், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு யானைகளின் வருகையை முன்கூட்டி அறிவிக்கும் ஏற்பாடு மதுக்கரை வனச்சரகத்தில் திறந்து வைக்கப்பட்டது. பாதையோரம் 12 கோபுரங்கள். அவற்றில் இருளிலும் காணவல்ல வெப்பக் காமிராக்கள் உட்பட 24 காமிராக்கள். யானை பாதையை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்கும், அங்கிருந்து ரயில்வே, வன ஊழியர்களுக்கும் எச்சரிக்கை போகிறது. அதன் முதல் ஆண்டில் அந்தப் பாதையில் ஒரு யானையும் ரயிலில் அடிபட்டு இறக்கவில்லை என்று ராஜ்ய சர்க்கார் அறிவித்தது.

இதில் நாம் பாராட்டுவது காமிராவையன்று. போட்ட பணத்துக்குப் பலன் என்ன என்பதை எந்தக் குடியானவனும் ஒரே வாக்கியத்தில் கேட்கவும், இலாகா ஒரே எண்ணில் பதில் சொல்லவும் அங்கே இடமிருக்கிறது. எத்தனை எச்சரிக்கைகள்? எத்தனை யானைகள் கடந்தன? எத்தனை இறந்தன? இந்த எண்களைச் சர்க்கார் ஆண்டுதோறும் வெளியிட்டு வருமாயின், ஏழே கால் கோடி வீணாயிற்றா இல்லையா என்பதை ஜனங்களே தீர்மானித்துக் கொள்வர். காமிரா பழுதுபட்டுக் கிடந்தாலும் அந்த எண்களே காட்டிக் கொடுத்துவிடும்.

கணக்கு இரண்டு வகைப்படும். பணம் எந்தத் தலைப்பில், யார் உத்தரவால், எப்போது செலவாயிற்று என்பது செலவுக் கணக்கு. அந்தச் செலவால் நாட்டில் என்ன மாறிற்று என்பது செயல் கணக்கு. நம் இலாகாக்கள் முன்னதைக் கொடுத்துவிட்டுப் பின்னதையும் கொடுத்துவிட்டதாகப் பாவனை செய்கின்றன. மானியத்துக்காகச் சமர்ப்பிக்கும் தாளுக்குப் ‘பயன்பாட்டுச் சான்றிதழ்’ என்று பெயர். பணம் செலவானதையே அது பெரும்பாலும் சான்று பகர்கிறது. ஊரார் பயன் அடைந்தனரா என்பதை அதில் தேடிக் காண முடிவதில்லை. மார்ச் மாதம் வந்தால் நிதி காலாவதியாகிவிடுமென்று அவசர அவசரமாகச் செலவழிக்கும் வழக்கத்தை மத்திய சர்க்காரின் பொது நிதி விதிகளே நிதி ஒழுங்குக்கு மாறானதென்று கூறுகின்றன. விதி ஏட்டில் இருக்கிறது. வழக்கம் நாட்டில் இருக்கிறது.

கணக்குக் கேட்பது நமக்குப் புதிதன்று. சுயராஜ்யக் கிளர்ச்சியே கணக்குக் கேட்டதில் வளர்ந்தது. இந்தியாவின் செலவினங்களை ஆராய 1895-ல் பிரிட்டிஷ் சர்க்கார் நியமித்த வெல்பி கமிஷனில் தாதாபாய் நௌரோஜி அங்கத்தினராக இருந்தார். 1897-ல் அதன் முன் கோகலேயும், ‘சுதேசமித்திர’னை நிறுவிய ஜி. சுப்பிரமணிய ஐயரும் லண்டனுக்குச் சென்று சாட்சியம் அளித்தனர். ஏழை ரயத்துவின் வரி எந்தச் சேனைக்கும் எந்தச் சம்பளத்துக்கும் போகிறதென்று எண்களை வைத்துக் கேட்டனர். அந்நியனிடம் கேட்ட கேள்வியை நம்மவரிடம் கேட்கலாகாது என்று அவர்கள் எங்கும் சொல்லவில்லை.

தஞ்சையில் பிறந்து லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்ற ஜே. சி. குமரப்பா, 1934-ல் பீகார் பூகம்ப நிவாரண நிதியின் கணக்குகளைக் கண்காணித்தார். காந்தியடிகளின் பரிவாரத்துக்கான செலவை அந்த நிதியில் எழுத அவர் மறுத்தார் என்று அவரது சரித்திரத்தை எழுதியோர் கூறுவர். காந்தியடிகளுக்கு அதனால் குமரப்பாவிடம் மதிப்புக் குறையவில்லை. தலைவர் பெரியவராயினும் நிதி ஏழைகளுடையது என்ற அந்த நேர்மையே தணிக்கையின் உயிர்.

சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் இதற்கென ஓர் அதிகாரியைத் தந்திருக்கிறது. 148-வது ஷரத்தின்படி நியமனம் பெறும் கணக்குத் தணிக்கைத் தலைவரை மந்திரிகள் நினைத்தபடி நீக்கிவிட முடியாது. அவரது அறிக்கைகள் பார்லிமெண்டிலும் சட்டசபைகளிலும் வைக்கப்படுகின்றன. பொதுக் கணக்குக் குழு அவற்றை ஆராய்கிறது. பார்லிமெண்டில் அக்குழுவுக்கு 1967 முதல் எதிர்க்கட்சியினர் தலைமை வகிப்பது மரபு. ஏற்பாடு உயர்ந்ததே. ஆனால் தவறு நடந்த ஆண்டுக்கும், அது விவாதத்துக்கு வரும் ஆண்டுக்கும் இடையே காலம் வெகுவாகக் கழிந்துவிடுகிறது. அதற்குள் உத்தரவிட்டவர் மாற்றலாகிப் போயிருப்பார், ஓய்வும் பெற்றிருப்பார். அறிக்கை பத்திரிகைகளில் ஒரு நாள் பேசப்பட்டு மறுநாள் மறக்கப்படுகிறது. வெள்ளம் வடிந்த பின் அணை போடுவதற்கு இது ஒப்பாகும்.

ஆகையால் மேலிருந்து வரும் தணிக்கையுடன் கீழிருந்து எழும் கேள்வியும் சேர வேண்டும். 1994-ல் ராஜஸ்தானத்துக் கிராமவாசிகள் பொது விசாரணைக் கூட்டங்களைக் கூட்டி, கூலிப் பட்டியல்களை உரக்க வாசிக்கச் செய்தனர். வேலையே செய்யாதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. அந்தக் கிளர்ச்சி 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழி கோலிய சக்திகளுள் ஒன்று. தமிழ்நாடோ 1997-லேயே இவ்வகைச் சட்டம் ஒன்றை இயற்றி மற்ற ராஜ்யங்களுக்கு முந்திக் கொண்டது. விலக்குகள் மிகுந்திருந்தமையால் அது பயன்படாமற் போயிற்று. 2005-ம் ஆண்டுச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு மனு எழுதினால், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். காரணமின்றித் தாமதிக்கும் அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

இந்த ஆயுதத்தின் கூர் மழுங்காமற் பார்ப்பதும் நம் கடமை. 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவைத் திருத்தியது. தனிநபர் தகவல் என்ற காரணத்தைச் சொல்லி மறுப்பதற்கு முன்பிருந்த நிபந்தனைகளை அத்திருத்தம் நீக்குகிறது. பொதுநலம் மேலோங்கினால் தகவல் தரலாம் என்ற வேறொரு விதி இருப்பது உண்மையே. எனினும் தராமலிருக்க விரும்பும் அதிகாரிக்குக் கதவு அகலத் திறந்துவிட்டது. ஒருவரின் நோயோ குடும்ப விவகாரமோ நமக்கு வேண்டாம். பொதுப் பணம் பெற்ற ஒப்பந்தக்காரரின் பெயரும் தொகையும் எப்படி அந்தரங்கமாகும்?

மதுக்கரை 2021-ல் நகராட்சி ஆயிற்று. சுற்றியுள்ள கிராமங்களில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. நகரங்களில் பகுதி சபை கூட்டவும் விதி உண்டு. அங்கே போகும் அன்பர்களுக்கு நாம் சொல்லக் கூடியது இதுதான். எவ்வளவு செலவாயிற்று என்று மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். சாலை எத்தனை மழைக்குத் தாங்கிற்று, குழாயில் எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது, குப்பை எங்கே போகிறது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். அடுத்த சபைக்கு அந்தத் தாளுடன் போய், சென்ற முறை சொன்னது என்ன ஆயிற்று என்று கேளுங்கள். கட்சி பார்த்துக் கேட்கும் கேள்விக்குக் கட்சி பார்த்தே பதில் வரும். கணக்கைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்குத்தான் இலாகா அஞ்சும்.

இப்படிக் கேட்டால் உத்தியோகஸ்தர்கள் பயந்து கோப்பில் கையெழுத்திடவே தயங்குவார்கள் என்று சிலர் ஆட்சேபிக்கின்றனர். செயல் கணக்கு நேர்மையான அதிகாரிக்குக் கேடயம் என்றே நாம் கருதுகிறோம். நல்ல பலன் கண்டவர் அதை எண்களால் நிரூபித்துக் கொள்ளலாம். வேலை செய்யாமல் ஏட்டை மட்டும் சரிப்படுத்தியவருக்கே தொல்லை.

காட்டு யானையால் மனு எழுத முடியாது. உயிரை விட்டுத்தான் அது கேள்வி கேட்டது. பதினொன்று மாண்ட பிறகே இலாகாக்கள் பதில் சொல்லத் தொடங்கின. எழுதவும் பேசவும் வாக்களிக்கவும் உரிமை பெற்ற பிரஜைகள் அத்தனை விலை கொடுக்கும் வரை காத்திருப்பது அறிவீனம். சுயராஜ்யம் வந்துவிட்டது, அதன் கணக்கைக் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.