புயல் இரவும் தண்ணீர்த் தொட்டியும்

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே முருகன் குன்றில் அமர்ந்திருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஏரிகள் நிரம்பி வழிந்து, தென்பெண்ணை கரைபுரண்டு, மின்கம்பங்கள் சாய்ந்து, எத்தனையோ கிராமங்கள் நாட்கணக்கில் கரண்டின்றித் தவித்தன. விளக்கில்லாத இரவை மெழுகுவர்த்தியைக் கொண்டு கழித்துவிடலாம். நாலாபுறமும் வெள்ளம் நிற்க, போர் மோட்டார் ஓடாமையால் சோறு வடிக்க ஒரு குடம் நல்ல தண்ணீர் இல்லாமற்போவதைத்தான் குடும்பம் தாங்காது.

ஆகவே ஜெனரேட்டர் வாங்க எண்ணுகிறவர், கடைக்குப் போகுமுன், தம் மோட்டார் எத்தனை எச்.பி., சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா என்று குறித்துக்கொண்டு போவது உத்தமம். சிங்கிள் பேஸ் ஜெனரேட்டரைக் கொண்டு த்ரீ பேஸ் மோட்டாரை நேரடியாக ஓட்ட முடியாது. பாரவண்டி நகரத் தொடங்கும் அந்த முதல் இழுப்புக்கு மாடுகள் எவ்வளவு பிரயாசைப்படுகின்றனவோ, அவ்வாறே மோட்டாரும் கிளம்பும் க்ஷணத்தில், ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். அதனால், ஒரு எச்.பி. என்பது 746 வாட்தானே என்று கணக்கிட்டு 1 கே.வி.ஏ. யந்திரத்தை வாங்கிவிட்டால் அது திணறி நின்றுவிடும், 3 கே.வி.ஏ.க்குக் குறையாமல் பார்ப்பதே விவேகம்.

விளக்குக்கும் விசிறிக்கும் இன்வெர்ட்டர் போதும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இரண்டு விசிறிகளையும் நாலு எல்.இ.டி. விளக்குகளையும் ஓர் இரவு தாங்கும். ஜெனரேட்டரைத் தினம் இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டித் தொட்டியை நிரப்பி, அதே வேளையில் பேட்டரிக்கும் ஓரளவு சார்ஜ் ஏற்றிக்கொண்டால், சொற்ப பெட்ரோலில் பல நாட்களைக் கடத்திவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டு அபாயங்களைப் பற்றி அழுத்திச் சொல்லியே ஆகவேண்டும். யந்திரப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமோ மணமோ அற்ற விஷம். மழை நனைக்குமே என்று திண்ணைக்கோ கூடத்துக்கோ யந்திரத்தைக் கொண்டுவந்தால், உறங்குகிறவர்கள் உறக்கத்திலேயே மாண்டுபோகக்கூடும். வீட்டிலிருந்து இருபதடிக்கு அப்பால், வெள்ளம் ஏறாத மேடையில், நாற்புறமும் காற்றோடும் கூரையின் கீழ் அதை வைக்க வேண்டும். மற்றது, மெயின் லைனைத் துண்டித்து வீட்டை ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் பிளக்கைச் செருகி வீட்டு வயரிங்குக்குக் கரண்டு கொடுப்பது. அந்தக் கரண்டு மீட்டரைக் கடந்து டிரான்ஸ்பார்மரை எட்டி, அங்கே ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்ந்து, நமக்காகக் கொட்டும் மழையில் கம்பமேறி நிற்கும் லைன்மேனின் உயிரைப் பறித்துவிடும். அந்தச் சுவிட்சுக்கு ஆகும் செலவில் சிக்கனம் பார்ப்பது பாவம்.

மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் பெட்ரோல் கெட்டுக் கார்புரேட்டரை அடைத்துவிடுமாதலால், மாதம் ஒருமுறையேனும் யந்திரத்தை ஓட்டவேண்டும். ஐப்பசி பிறக்குமுன் ஒருநாள் மெயினை அணைத்து, மோட்டாரை ஜெனரேட்டரில் இணைத்துக் கிளப்பி, மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் ஓசையைக் காதாரக் கேட்டுக்கொள்ளுங்கள்.