இரு தபால் பைகள் ஒன்றான கதை

தபால் நிலையத்து ஜன்னலின் முன் நின்று, "இதை ரிஜிஸ்தர் செய்ய வேண்டும்" என்று உறையை நீட்டிப் பழகியவர்கள் நம்மில் மிகப் பலர். ஊரைவிட்டு வெளிமாநிலத்தில் வாழ்வோருக்கு அந்தச் சொல்லே ஒரு தைரியம். தாயாரின் கையெழுத்து வேண்டிய பாகப்பிரிவினைப் பத்திரத்தையோ, பிள்ளையின் அசல் சான்றிதழையோ, வக்கீல் நோட்டீசையோ சாதாரணத் தபாலில் போட யாருக்கும் மனம் வராது. சில தினங்கள் கழித்து, ஊரிலிருப்பவர் கையெழுத்திட்ட ஒப்புகை அட்டை திரும்பி வந்த பிறகுதான் நெஞ்சு நிம்மதி அடையும்.

அந்த ரிஜிஸ்தர் தபால் இன்று தனியொரு சேவையாக இல்லை. அதனை ஸ்பீட் போஸ்ட் எனப்படும் விரைவுத் தபாலுடன் இணைத்துவிடுவதென்று தபால் இலாகா 2025 ஜூலையில் உத்தரவிட்டது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டண முறையில், 'பதிவு' என்பது விரைவுத் தபாலுடன் நாம் கேட்டுப் பெறும் ஒரு கூடுதல் வசதியாக அமைந்துவிட்டது. இம்மாறுதலின் பொருள் என்ன, இதனால் பயன் என்ன, இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன என்பவற்றைச் சற்று ஆராய்வோம்.

முதலில் இரண்டு சேவைகளுக்கும் இருந்த வேற்றுமையை அறிந்துகொள்ள வேண்டும். 1986 ஆகஸ்ட் 1ஆம் தேதி தொடங்கப்பட்ட விரைவுத் தபால், காலத்தைப் பற்றிய வாக்குறுதி. உறையிலுள்ள விலாசத்தில் எவர் இருப்பினும் அவரிடம் கொடுத்துவிடலாம். சீக்கிரம் கொடுக்க வேண்டும் என்பதே அதன் விதி. அதற்கு வெகு காலம் முந்தியதான ரிஜிஸ்தர் தபாலோ, ஆளைப் பற்றிய வாக்குறுதி. தாமதமானாலும் ஆகட்டும், பெயருக்குரியவரிடம், அல்லது அவர் எழுத்து மூலம் அதிகாரம் அளித்தவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது அதன் விதி. சரியான விலாசமிட்டு, கட்டணம் செலுத்தி, ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பப்பட்ட கடிதம் உரிய காலத்தில் போய்ச் சேர்ந்ததாகவே, மாறாக நிரூபிக்கப்படும் வரை, கொள்ளப்படும் என்று 1897ஆம் ஆண்டுப் பொது வாசகச் சட்டத்தின் 27ஆம் பிரிவு கூறுவதும் இந்த நம்பிக்கையின் அடிப்படையிலேதான்.

நாம் சித்தூரில் பிறந்தவர்கள். நமது இளமையில் ஒரு நாள், நிலம் சம்பந்தமான ரிஜிஸ்தர் கடிதம் ஒன்று நமது தந்தையாருக்கு வந்தது. அவர் வெளியூர் சென்றிருந்தார். அண்டை வீட்டுக்காரர் தாமே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்; தபால்காரர் இணங்கவில்லை. மறுநாள் கொளுத்தும் வெயிலில் மீண்டும் சைக்கிளில் வந்து, தந்தையாரின் கையிலேயே அதை ஒப்படைத்தார். முதல் நாள் அவர்மீது சிறிது கோபங்கொண்ட நம் வீட்டார், உறையைப் பிரித்துப் பார்த்த பிறகு அவரை வாழ்த்தினார்கள்.

வேற்றுமை இத்தகையதாயினும், இரண்டு வகைத் தபாலும் சென்ற வழி ஏறத்தாழ ஒன்றேதான். ஒரே ஜன்னலில் வாங்கப்பட்டவை வெவ்வேறு பைகளில் கட்டப்பட்டன. ரிஜிஸ்தர் உறைகள் அவற்றிற்கென அமைந்த பிரிப்பு மையத்திற்கும், விரைவுத் தபால் உறைகள் வேறொரு மையத்திற்கும் சென்றன. இரண்டிலும் தனித்தனி ஆட்கள், தனித்தனி ஜாபிதாக்கள். பின்னர் இரு பைகளும் ஒரே ரயிலிலோ லாரியிலோ ஏறி, இறுதியில் ஒரே தபால்காரரின் தோளில் ஒன்று கூடின. தொடக்கத்திலும் முடிவிலும் ஒன்றாக இருந்தது, நடுவில் மட்டும் இரண்டாகக் கிடந்தது. அந்த நடுப்பகுதியைத்தான் இப்போது ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

இதற்குக் காரணமும் உண்டு. 2011–12இல் 24 கோடியே 44 லட்சமாக இருந்த ரிஜிஸ்தர் உறைகள், 2019–20இல் 18 கோடியே 46 லட்சமாகக் குறைந்தன. பாதி நிறைந்த இரண்டு பைகளை அனுப்புவதைவிட, நிறைந்த ஒரு பையை அனுப்புவது சிக்கனம் என்பதை எவரும் ஒப்புக்கொள்வர்.

எனினும், பையைச் சுமப்பவர் இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதையும் கேட்க வேண்டுமல்லவா? அண்மையில் ஊருக்குச் சென்று திரும்புகையில், ரேணிகுண்டா சந்திப்பில் வண்டிக்காகக் காத்திருந்தோம். நடைமேடையில் தபால் பைகளை அடுக்கிவிட்டு இரு தொழிலாளர்கள் பேசிக்கொண்டிருந்தனர். ஒருவர் முதியவர்; மற்றவர் இளைஞர். தெலுங்கும் தமிழும் கலந்த நம் எல்லைப்புறத்துப் பேச்சு காதில் விழவே, நாமும் அருகிற் சென்று அமர்ந்தோம்.

"ஒரே பையாகிவிட்டால் நமக்குச் சுமை குறையும் அண்ணா" என்றார் இளைஞர். "சுமை குறையும் தம்பி, சுமக்கிற ஆளும் குறைவானே, அதைச் சொல்" என்றார் முதியவர். இரண்டு மையங்கள் ஒன்றானால், ஒன்றிலிருப்பவர் வேறு ஊருக்குப் போக நேரலாம்; இரவுப் பணி கூடலாம்; குழந்தைகளின் படிப்பும் வயோதிகப் பெற்றோரின் பராமரிப்பும் என்னாவது என்பது அவரது கவலை. ஒரு உறை மூன்று இடங்களில் தங்கிப் போவதைவிட ஓரிடத்தில் தங்கிப் போனால், காணாமற்போகும் சந்தர்ப்பமும் குறையும் என்பது இளைஞரின் வாதம். முதியவர் அதை மறுக்கவில்லை. "வேகமாகப் போகட்டும். ஆனால் யார் கையில் கொடுக்கிறோம் என்பதைப் பார்க்க நேரம் வேண்டாமா?" என்று மட்டும் கேட்டார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அந்த இடத்தில் அமர்ந்து கேட்டதாலோ என்னவோ, அவ்வூரின் பழைய கதை ஒன்று நம் நினைவுக்கு வந்தது. சென்னையிலிருந்து பம்பாய் செல்லும் அகலப்பாதை ரேணிகுண்டா வழியே செல்கிறது. விழுப்புரத்திலிருந்து காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாக வந்த பாதையோ மீட்டர் பாதையாக இருந்தது. ஒன்றன் அகலம் 1,676 மில்லிமீட்டர். மற்றதன் அகலம் 1,000 மில்லிமீட்டர். ஒரு பாதையின் வண்டி மற்றதில் ஓடாது. சித்தூர் வெல்ல மூட்டை வெகுதூரம் போக வேண்டுமானால், இரு பாதைகள் சந்திக்கும் நிலையத்தில் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்ற வேண்டும். காலமும் வீண், மூட்டையும் சிதையும். ஆயினும் அந்த ஏற்றிறக்கத்தை நம்பியே பல குடும்பங்கள் அடுப்பு மூட்டின. நாடெங்கும் ஒரே அகலப் பாதை என்ற திட்டம் 1992இல் தொடங்கிய பின், காலப்போக்கில் இப்பகுதியின் மீட்டர் பாதையும் அகலப் பாதையாயிற்று. மூட்டைகள் தடையின்றிச் சென்றன; நாட்டுக்கு அது நன்மையே. ஆனால் ஏற்றி இறக்கியவர் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று.

பிற நாடுகளிலும் இதே பிரச்சினை உண்டு. அமெரிக்காவின் ஃபெடெக்ஸ் நிறுவனம், விமானவழிக்கு 'எக்ஸ்பிரஸ்' என்றும் தரைவழிக்கு 'கிரவுண்ட்' என்றும் இரு தனி அமைப்புகளை நெடுங்காலம் நடத்தி வந்தது. ஒரே தெருவுக்கு ஒரே நாளில் அதன் இரு வண்டிகள் வருவது அங்கே சகஜம். 2023 ஏப்ரலில் இணைப்பை அறிவித்து, 2024 ஜூன் 1 முதல் அவற்றை ஒரே நிறுவனமாக்கியது. அங்கே எக்ஸ்பிரஸ் ஓட்டுநர்கள் நிறுவனத்தின் ஊழியர்கள். கிரவுண்ட் ஓட்டுநர்களோ ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள். ஆகவே, ஒரு தெருவுக்கு ஒரு வண்டி போதும் என்றவுடன், அந்த வண்டியை ஓட்டப்போவது யார் என்ற கேள்வி எழுந்தது. நம் நாட்டில் இரு சேவைகளும் ஒரே இலாகாவின் கீழ் இருந்தமையால் பிரச்சினை அவ்வளவு கடுமையன்று. எனினும் மாறுதலின் பாரம் யார்மீது விழுகிறது என்ற கேள்வி இரு நாட்டுக்கும் பொதுவானதே.

இனி, நேயர்கள் அறியவேண்டிய நடைமுறை விஷயங்களுக்கு வருவோம். முன்பு 20 கிராம் வரையுள்ள ரிஜிஸ்தர் கடிதத்திற்கு ஏறத்தாழ 26 ரூபாய் ஆயிற்று. 2025 அக்டோபர் கட்டணப்படி, வெளியூருக்கு 50 கிராம் வரையுள்ள விரைவுத் தபாலுக்கு 47 ரூபாய். பதிவு வசதிக்கு 5 ரூபாய். இரண்டிற்கும் வரி தனி. ஆக, சுமார் 61 ரூபாய். தூரம் எவ்வளவானாலும் இதே கட்டணம்தான். மும்பையிலிருந்து சித்தூருக்கும், சித்தூரிலிருந்து பக்கத்திலுள்ள வேலூருக்கும் வேறுபாடில்லை. மாணவர்களுக்கு 10 சதவிகிதச் சலுகை உண்டு.

கட்டணத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு. வெறுமனே "ஸ்பீட் போஸ்ட்" என்று சொல்லி உறையைக் கொடுத்தால், விலாசத்தில் இருப்பவர் எவரும் அதை வாங்கிக்கொள்ளலாம். உரியவரிடமே சேர வேண்டுமானால், "பதிவுடன் அனுப்ப வேண்டும்" என்று ஜன்னலில் வாய்விட்டுக் கேட்க வேண்டும். ரசீதில் அது குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரசீதிலுள்ள பதின்மூன்று எழுத்தும் இலக்கமும் கொண்ட எண்ணைப் பத்திரப்படுத்துவது அவசியம். கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணைச் சொன்னால்தான் உறையை ஒப்படைக்கும் மற்றொரு வசதியும் 5 ரூபாய்க்கு உண்டு. ஆயினும் ஊரிலுள்ள வயோதிகத் தாயாருக்குக் கைபேசி இல்லையென்றால், பதிவு வசதியே பொருத்தமானது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு ஒன்று தோன்றுகிறது. 'விரைவு' என்பதும் 'பதிவு' என்பதும் ஓசையில் நெருங்கிய சொற்கள், பொருளில் வெவ்வேறானவை. பைகள் இரண்டும் ஒன்றாகலாம். மையங்களும் வண்டிகளும் ஒன்றாகலாம். அதனால் மிஞ்சும் பணத்தில் ஒரு பகுதி, இடம் மாற்றப்படும் தொழிலாளிக்கு உதவுமாயின் மிகவும் நன்று. ஆனால் வாக்குறுதிகள் இரண்டும் இரண்டாகவே நிலைக்க வேண்டும். உறை நேற்றே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது நல்ல செய்திதான். அது அம்மாவின் கையில் சேர்ந்தது என்பதல்லவா நாம் எதிர்பார்த்திருக்கும் செய்தி?