கோடும் கட்டமும்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்னும் பழமொழியை அறியாதார் இலர். ஆனால், ஆடையைத் தேர்ந்தெடுக்கும் முறை யாது என வினவினால், நிறப் பொருத்தம் ஒன்றையே பலரும் கூறுவர். கோலப் பொருத்தத்தை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. கோடு, கட்டம், புள்ளி, பூ என ஆடையில் அமையும் உருவங்களை ஈண்டுக் கோலம் என்கின்றோம். இரு வேறு கோலங்கள் ஓர் உடலில் கூடுதல் ஆகாது என்றும், அங்ஙனம் உடுத்துதல் அழகறியாதார் செயல் என்றும் சிலர் கருதுவர். தமையனின் கட்டம் போட்ட சட்டையையும், கோடிட்ட கால்சட்டையையும் அணிந்து வரும் ஏழைச் சிறுவனைக் கண்டு நகைக்கும் மாணவரும் உளர். அந்நகைப்புக்கு இடம் உண்டா என்பதை ஆராய்வோம்.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடற்கரைக் குப்பங்களுக்கு விடியற்காலையில் சென்று பாருங்கள். மாமல்லபுரம் இவ்விரண்டற்கும் இடையில் உள்ளது. கரையில் வலை உதறும் பரதவர் இடையில் பெரிய கட்டங்கள் கொண்ட கைலி இருக்கும். தலையில் மெல்லிய கோடுகள் ஓடும் துண்டு இருக்கும். மீன் கூடை சுமந்து வரும் மகளிர் பூப்போட்ட புடவையும் புள்ளியிட்ட இரவிக்கையும் அணிந்திருப்பர். அவர்கள் கண்ணாடி முன் நின்று இவற்றைத் தேர்ந்தவர் அல்லர். கைக்கு எட்டியதை உடுத்து வந்தவர்களே. எனினும், பெரும்பாலும் அக்காட்சி கண்ணை உறுத்துவதில்லை. காரணம் யாது?

முதற்கண் கட்டத்தின் இயல்பை அறிதல் வேண்டும். தறியில் நீளவாக்கில் கட்டப்பெறும் நூல் பாவு. குறுக்கே செல்வது ஊடு. பாவில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வர, ஊடும் அவ்வாறே வரின் கட்டம் பிறக்கும். சிவப்பைச் சிவப்பு வெட்டும் இடம் தூய சிவப்பு. நீலத்தை நீலம் வெட்டும் இடம் தூய நீலம். ஒன்றை மற்றொன்று வெட்டும் இடத்தில் இரண்டும் கலந்த மூன்றாம் நிறம் தோன்றும். நெசவாளர் சாயமிட்டவை இரண்டே. கண் காண்பவையோ மூன்று. இவ்வாறு பல நிறங்கள் ஒரு துணியிலேயே உறவு கொண்டிருத்தலால், அவற்றுள் ஒன்றையேனும் உடைய வேறொரு துணி அருகில் வரின், அஃது அயலாகத் தோன்றுவதில்லை. துண்டின் கோட்டில் உள்ள நீலம் கைலியின் கட்டத்திலும் இருந்தால் போதும். கோலங்கள் வேறாயினும் கண் அவற்றை ஒரு குடும்பமாகக் கொள்ளும். அக்காலத்தே சோழமண்டலக் கரையில் சிவப்புக்குச் சாயவேரும் நீலத்துக்கு அவுரியும் பயன்பட்டன. சாயவேர் கடலோர மணலில் விளைவது. ஒரு வட்டாரத்து ஆடைகள் எல்லாம் அச்சில சாயங்களிலேயே தோய்ந்தமையால், எதனோடு எதை உடுப்பினும் பொருத்தம் தானே அமைந்தது எனலாம். ஆயிரம் நிறங்கள் மலிந்த இந்நாளில் அப்பொருத்தத்தை நாமே தேட வேண்டியுள்ளது.

இத்துணிகளின் புகழ் கடல் கடந்து சென்றது. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613-ஆம் ஆண்டில் கோட்டை அமைத்துத் துணி வாணிகம் நடத்தினர். சதுரங்கப்பட்டினத்திலும் அவர்தம் கோட்டை உளது. மலாய் நாட்டார் கட்டம் போட்ட கைலியை இன்றும் ‘பெலிக்காட்’ என்பர். அது பழவேற்காடு என்னும் பெயரின் திரிபே. ஆப்பிரிக்காவில் நைசீரிய நாட்டுக் கலபாரி மக்கள் சென்னைக் கட்டத்துணியை வாங்கி, அதன் நூல்களுள் சிலவற்றை மட்டும் நுட்பமாக அறுத்து நீக்கி, கட்டத்தின்மேல் மற்றொரு கோலத்தைத் தோற்றுவிப்பர். கோலத்தின்மேல் கோலம் ஆகாது என்போர் இதற்கு என் சொல்வரோ!

நிற உறவு மட்டும் போதாது; அளவும் வேறுபடல் வேண்டும். ஒத்த அளவுடைய இரு கட்டங்கள் அருகருகே வரின், எதை நோக்குவது என அறியாது கண் அலையும். ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் இருப்பின், பெரியது தலைமை பெறும். சிறியது அதற்குத் துணையாகும். கண் இளைப்பாற வெற்றிடமும் வேண்டும். மாமல்லபுரத்துத் திரௌபதி இரதத்தைப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலச் சிற்பியர் செதுக்கிய அக்கற்குடிலின் கூரை பெரிதும் வெறுமையாக உள்ளது; விளிம்புகளில் மட்டும் கொடிக்கோலம் ஏறுகின்றது. கரை கட்டிய புடவை ஒன்றை விரித்து வைத்தாற் போன்றதே அக்கூரை.

கரை என்றதும் காஞ்சிபுரம் நினைவுக்கு வரும். காஞ்சியும் பழவேற்காடும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தவை. 1997-இல் அம்மாவட்டம் இரண்டாயிற்று; 2019-இல் செங்கற்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. காஞ்சிப் பட்டில் உடல் கட்டமாகவும், கரை கோடும் பூவுமாகவும், முந்தானை முற்றிலும் வேறாகவும் அமைவதுண்டு. அவை பூசலிடாமைக்குக் காரணம் கோர்வை என்னும் நெசவு முறை. கோவை என்பதே இலக்கணம் கூறும் வடிவம். ஆயினும், தொழிலின் சொல்லைத் தொழிலாளர் வாயிலிருந்தே கொள்ளுதல் தகும். ஒரே ஊடு கரையினுள்ளும் ஓடினால், கட்டத்தில் நிகழ்ந்தது போலவே உடலின் நிறம் கரையின் நிறத்தோடு கலந்துவிடும். கோர்வையில் அங்ஙனம் இல்லை. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் ஒவ்வொரு நாடா என மூன்று நாடாக்கள் ஓடும். உடலின் ஊடும் கரையின் ஊடும் எல்லையில் ஒன்றையொன்று பற்றித் திரும்பும். ஆகவே, நிறங்கள் கலவாமலே துணி ஒன்றாகின்றது. கட்டம் நிறங்களைக் கலந்து இணைக்கின்றது. கோர்வை கலவாமல் இணைக்கின்றது. இரண்டும் செம்மையானவையே. கலந்தும் கலவாமலும் அரைகுறையாக நிற்கும் ஆடையே கண்ணை உறுத்துவது.

மரபான தறியில் கோர்வை நெய்ய ஒருவர் போதாது. நெசவாளர் தறியில் அமர, கரை நாடாவை எறியப் பக்கத்தில் மற்றொருவர் அமர்வார். முன்னாளில் அவ்விடத்தில் அமர்ந்தவர் பெரும்பாலும் சிறுவரே. பள்ளி மணி ஒலிக்கும் வேளையில் அவர்கள் நாடா எறிந்துகொண்டிருந்தனர். அவர்கள் தறியை விட்டுப் பள்ளிக்குச் சென்றமை நன்றே. ஆயினும், அவ்விடத்தில் அமரும் பெரியவருக்கும் கூலி கொடுக்க வேண்டுமாதலின், கோர்வைப் புடவையின் விலை ஏறிற்று. கோர்வையின்றி நெய்யப்படும் புடவைகள் பெருகின. கடையில் புடவை வாங்குவோர் கரையும் உடலும் கூடும் இடத்தைத் திருப்பிப் பார்ப்பாராக. உடலின் ஊடு கரைக்குள் நுழையாமல் எல்லையிலேயே திரும்பியிருந்தால், அது கோர்வைப் புடவை என்று அறியலாம்.