கிரிட் கணினிக் கொத்து மேலாண்மை மென்பொருள்

கிரிட் கணினிக் கொத்து மேலாண்மை மென்பொருள் என்பது, ஒரு கிரிட் கணிமை அமைப்பில் இணைந்துள்ள கணினிகளை நிறுவவும், ஒரே சீரான அமைவில் வைத்திருக்கவும், கண்காணிக்கவும், பழுது நீக்கவும் பயன்படும் மென்பொருள்களின் தொகுதியாகும். இவ்வகை மென்பொருள்கள் பலவற்றைப் பல நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் பணியைப் பகிர்ந்துகொண்டு எழுதியுள்ளன. அவற்றுள் குவாட்டர் என்னும் கருவித்தொகுதியும், ஐரோப்பிய அணு ஆராய்ச்சி அமைப்பான செர்னும் மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையமும் கூட்டாக உருவாக்கிய மென்பொருள்களும் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன.

கொத்தும் கிரிட்டும்

ஒரே கூடத்தில், ஒரே நிருவாகத்தின் கீழ், விரைவான வலையமைப்பால் இணைக்கப்பட்டு ஒரு கணினி போலப் பணிபுரியும் பல கணினிகள் கணினிக் கொத்து எனப்படும். வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு நிருவாகங்களின் கீழ் உள்ள கொத்துகளை இணையத்தின் வழியாக இணைத்தால் கிடைப்பது கிரிட் ஆகும். மின்சாரம் எந்த அனல்மின் நிலையத்திலிருந்து வருகிறது என்று அறியாமலேயே நாம் விளக்கைப் போடுகிறோம். அதுபோல, தம் கணக்கீடு எந்த ஊர்க் கணினியில் நடக்கிறது என்று ஆய்வாளர் அறியத் தேவையில்லை என்பதே இதன் கருத்து. மின் தொகுப்பைக் குறிக்கும் சொல்லே இதற்கும் பெயராயிற்று.

பெரிய ஆட்ரான் மோதுவியின் தரவுகளை ஆய்வதற்காக அமைந்த உலகளாவிய கிரிட்டில் 40-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 170 மையங்கள் இணைந்துள்ளன. மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் கொல்கத்தாவின் மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையமும் இதில் இந்தியாவின் இரண்டாம் அடுக்கு மையங்களாகும்.

மேலாண்மையின் தேவை

பத்துக் கணினிகளை ஒருவர் கையாலேயே பராமரித்துவிடலாம். ஆயிரம் கணினிகளில் அது இயலாது. ஒன்றில் வட்டு நிரம்பியிருக்கும். இன்னொன்றில் பழைய பொதி தங்கியிருக்கும். மற்றொன்றின் கடிகாரம் பிழையாக ஓடும். கிரிட்டில் பயனரின் அடையாளம் கால வரம்புடைய மின்சான்றிதழ்களால் சரிபார்க்கப்படுவதால், கடிகாரம் பிழைத்தால் அக்கணினி வரும் பணிகளை எல்லாம் மறுத்துவிடும்.

இதில் ஒரு வியப்பான விளைவு உண்டு. நல்ல கணினி ஒரு பணியை முடிக்கப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பழுதுற்ற கணினியோ சில நொடிகளில் தோற்றுவிட்டு, "நான் ஓய்வாக இருக்கிறேன்" என்று அறிவிக்கும். பணி ஒதுக்கும் மென்பொருள் அதை நம்பி அடுத்த பணியை அனுப்பும், அதுவும் தோற்கும். இவ்வாறு பழுதுற்ற ஒரே ஒரு கணினி, வரிசையில் காத்திருக்கும் நூற்றுக்கணக்கான பணிகளை ஓர் இரவில் விழுங்கிவிட முடியும். நிருவாகிகள் இதனைக் கருந்துளைக் கணினி என்று அழைப்பர். பணியை அனுப்பியவர் வேறொரு நாட்டில் இருப்பதால், பிழை எங்கே என்று அவரால் காண முடியாது. எனவே ஒரு மையத்தின் கவனக்குறைவு மற்ற மையங்களின் பயனர்களையும் பாதிக்கிறது. மேலாண்மைக் கருவிகளைக் கூட்டாக எழுதும் எண்ணத்திற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

குவாட்டரின் தோற்றம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுடன் 2001 முதல் 2004 வரை நடைபெற்ற ஐரோப்பியத் தரவுக் கிரிட் திட்டம் பல பணித்தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நான்காம் பணித்தொகுதிக்குக் கணினிக் கூட மேலாண்மை ஒதுக்கப்பட்டது. புதிய மென்பொருள் முடியும்வரை சோதனைக் களம் காத்திருக்க முடியாது. ஆகவே எடின்பரோ பல்கலைக்கழகத்தில் முன்னரே உருவாகியிருந்த எல்சிஎப்ஜி என்னும் கருவி இடைக்கால ஏற்பாடாகக் கொள்ளப்பட்டது. இது திட்டமிடலில் எடுக்கப்பட்ட மிக நல்ல முடிவு எனலாம். உண்மையான கொத்துகளில் அதனைப் பயன்படுத்தியபோது தெரிந்த குறைகள், புதிய கருவிக்கான தேவைப் பட்டியலாக மாறின. அவ்வாறு உருவானதே குவாட்டர்.

குவாட்டரில் ஒவ்வொரு கணினியும் எப்படி இருக்கவேண்டும் என்பது பான் என்னும் விவரிப்பு மொழியில் எழுதப்படுகிறது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவானவை ஒரு வார்ப்புருவிலும், கொத்துக்கு உரியவை வேறொன்றிலும், தனிக் கணினிக்கு உரியவை மற்றொன்றிலும் இடம்பெறும். நிரல்பெயர்ப்பி இவற்றை இணைத்து, ஒவ்வொரு கணினிக்கும் ஒரு விவரக்கோப்பை உருவாக்கும். மதிப்புகளின் வகை அப்போதே சரிபார்க்கப்படுவதால், எண் வரவேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் பிழை கணினிகளைச் சென்றடையும் முன்பே பிடிபடும். பின்னர் கணினிகள் தத்தம் கோப்பைப் பெற்று, அதன்படி தம்மை அமைத்துக்கொள்ளும்.

பணிப் பகிர்வு

கூட்டுப்பணிக்கு அடிப்படையாக அமைந்தது மேற்சொன்ன விவரக்கோப்பே ஆகும். அதன் வடிவம் உறுதி செய்யப்பட்டபின், கோப்பை உருவாக்கும் குழுவும் அதைப் படித்துச் செயற்படும் குழுவும் ஒன்றையொன்று நாடாமலேயே பணிபுரிய முடிந்தது. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு சிறு கூறு எழுதப்பட்டது. அஞ்சல் சேவைக்கு ஒன்று, கடிகார ஒத்திசைவுக்கு ஒன்று, பணி ஒதுக்கிக்கு ஒன்று என. ஒரு கூறினை எழுத முழுத் தொகுதியையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. புதிதாகச் சேரும் ஒரு நிரலாளர் தம் கொத்துக்குத் தேவையான ஒரு கூறினை எழுதி, அனைவருக்கும் பொதுவாக்கலாம்.

இத்தகைய எல்லைக்கோடு இல்லாத திட்டங்களில் எவ்வளவு திறமையானவர்கள் இருந்தாலும், ஒருவர் மாற்றத்திற்காக மற்றவர் காத்திருப்பதிலேயே காலம் கழியும். ஜெனீவாவுக்கும் மும்பைக்கும் இடையே கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நான்கரை மணி நேரமும் வேறுபாடு உள்ளது. இரு இடத்தாரும் அலுவலகத்தில் இருக்கும் பொதுவான நேரம் குறைவு என்பதால், பேசித் தீர்ப்பதைவிட எழுதி வைத்த வரையறையே அதிகம் உதவும்.

இந்தியப் பங்களிப்பு

செர்னுடனான ஒப்பந்தங்களின் கீழ், இந்திய அணுசக்தித் துறை மோதுவிக்கான பொறிகளை மட்டுமன்றி மென்பொருளையும் வழங்கியது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பொறியாளர்கள் குவாட்டரின் மேம்பாடுகளில் பங்கேற்றனர். லெமன் என்னும் கண்காணிப்பு அமைப்புக்கு, பல அளவீடுகளை ஒப்பிட்டுப் பழுதை உய்த்தறியும் பொறியையும், ஷிவா என்ற பெயரில் சிக்கல்களைப் பின்தொடரும் அமைப்பையும் உருவாக்கினர். மையங்களுக்கு இடையிலான கோப்புப் பரிமாற்றம், பணிகளின் நிலை, சேவைகளின் கிடைப்புநிலை ஆகியவற்றை வரைபடங்களாகக் காட்டிய கிரிட்வியூ, பாபா அணு ஆராய்ச்சி மையமும் செர்னும் இணைந்து உருவாக்கியதாகும். ஒரு மையம் தான் உறுதியளித்தபடி இயங்குகிறதா என்பதை எல்லோரும் ஒரே அளவுகோலால் காண இது உதவியது.

திட்ட நிதி முடிந்த பின்

தரவுக் கிரிட் திட்டம் 2004-இல் நிறைவுற்றது. கொத்துகளோ ஓடிக்கொண்டே இருந்தன. நிதியுடன் பிறக்கும் மென்பொருள் நிதியுடனேயே மறைவது வழக்கம். குவாட்டர் அவ்வாறு மறையாமைக்குக் காரணம், அதனை நாள்தோறும் பயன்படுத்திய மையங்களே அதன் பராமரிப்பை ஏற்றுக்கொண்டதாகும். அவை கூடி நடத்திய பட்டறைகளில் அடுத்த வெளியீட்டுக்கான பணிகள் பகிரப்பட்டன.

உறுப்புகள் தனித்தனியே இருந்ததால் அவற்றை ஒவ்வொன்றாக மாற்றவும் முடிந்தது. பான் மொழியின் நிரல்பெயர்ப்பி ஜாவாவில் புதிதாக எழுதப்பட்டது. தொடக்கத் தரவுத்தளத்துக்குப் பதிலாகச் சப்வெர்சனை அடிப்படையாகக் கொண்ட ஒன்று வந்தது. பின்னர் மார்கன் இசுட்டான்லி என்னும் முதலீட்டு வங்கி அக்விலான் என்ற புதிய மேலாண்மை வழங்கியை உருவாக்கியது. இயற்பியலுக்காக எழுதப்பட்ட கருவியை ஒரு வங்கி மேம்படுத்த, அதைப் பிரித்தானியாவின் ரதர்போர்ட் ஆப்பிள்டன் ஆய்வுக்கூடம் மீண்டும் கிரிட்டுக்குப் பயன்படுத்தியது என்பது சுவையான செய்தி.

2012-ஆம் ஆண்டளவில் செர்ன் பப்பெட் என்னும் மென்பொருளுக்கு மாறத் தொடங்கியது. உலகெங்கும் பல்லாயிரம் பேர் பயன்படுத்தும் ஒரு கருவி இருக்கும்போது தனியே ஒன்றைப் பராமரிப்பது சுமை என்பது அதன் வாதம். இது நியாயமானதே, புதிதாகச் சேரும் பொறியாளருக்கு அக்கருவி முன்பே தெரிந்திருக்கும். செர்ன் விலகிய பின்னரும் பெல்சியத்தின் கென்ட் பல்கலைக்கழகம் உள்ளிட்ட பயனர்கள் குவாட்டரைத் தொடர்ந்து மேம்படுத்தினர்.

பிற முயற்சிகள்

இந்தியாவின் தேசிய கிரிட்டான கருடா, சி-டாக் நிறுவனத்தால் தொடங்கப்பட்டு, முதற்கட்டத்தில் 17 நகரங்களைச் சேர்ந்த 45 நிறுவனங்களை இணைத்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை வளாகத்தில், வரும் பணிக்கு ஏற்ற கொத்தினைத் தேர்ந்தெடுக்கும் வளத் தரகு மென்பொருள் உருவாக்கப்பட்டது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமி, கலிபோர்னியா டிஜிட்டல் நிறுவனத்தில் பணியாற்றியபோது, லாரன்சு லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடத்துக்காகத் தண்டர் என்னும் கொத்து உருவாக்கப்பட்டது. 4,096 செயலிகள் கொண்ட தண்டர், 2004 சூன் மாத உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம் பெற்றது. இயக்குதளம் செயலிழந்த கணினியையும் தொலைவிலிருந்து ஆராயவும் மீளத் தொடக்கவும் உதவும் பிரீஐபிஎம்ஐ என்ற கட்டற்ற மென்பொருள் இப்பணியின்போது எழுதப்பட்டது. அவர் பின்னர் கிளசுட்டர் நிறுவனத்தைத் தொடங்கிய போதும், இம்மென்பொருளின் பராமரிப்பு லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்தது.