ஆணி குத்தியும் காற்று இறங்காத டயர்!

விடியற்காலை நான்கு மணி. தரங்கம்பாடிக் கடற்கரையில், டேனியர் 1620-இல் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை இன்னும் இருளில் இருக்கிறது. கரைக்கு வந்த மீனை ஏலம் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு மேற்கே வயற்புறத்துக் கிராமங்களுக்குப் புறப்படுகிறார் ஒருவர். அவர் என் மாணவன் ஒருவனின் தந்தை. வெயில் ஏறுவதற்குள் மீன் விற்றாக வேண்டும். வழியில் ஒரு சீமைக்கருவேல முள் போதும், அன்றைய பிழைப்பு போய்விடும்.

ஒருநாள் அவர் என்னிடம் வந்தார். "சார், டயருக்குள்ளே ஏதோ மருந்து ஊத்தினா பஞ்சரே ஆகாதுன்னு கடையில சொல்றாங்க. ஊத்தலாமா?" என்று கேட்டார்.

"அண்ணே, நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். மாணவ நண்பர்களே, அந்த ஒருநாள் யோசனையை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மருந்தில் என்ன இருக்கிறது?

கடைக்காரர்கள் 'சீலண்ட்' என்றும் 'ஜெல்' என்றும் சொல்லும் இந்தத் திரவம் கூழ்போல இருக்கும். எளிதில் உலராத கிளைக்கால் போன்ற ஒரு திரவம். அதில் மிதக்கும் நுண்ணிய நார்களும் ரப்பர்த் துகள்களும். பெரும்பாலான வகைகளில் இவ்வளவுதான். வால்வு வழியாகச் சில நூறு மில்லிலிட்டர் ஊற்றிக் காற்றடித்துவிடுவார்கள்.

வாய்க்கால் கரையில் நண்டு வளை தோண்டி நீர் கசிந்தால் நம் விவசாயி என்ன செய்கிறார்? வைக்கோலைச் சுருட்டிச் செருகி, அதன்மேல் களிமண்ணை அப்புகிறார். வெறும் சேறு என்றால் நீர் அதைக் கரைத்துவிடும். வைக்கோல் குறுக்கே நின்று சேற்றைப் பிடித்துக்கொள்கிறது. நம் உடலில் காயம் பட்டால் இரத்தம் உறைவதும் இப்படித்தான். ஃபைப்ரின் என்னும் இழைகள் வலைபோலப் பின்னிக்கொள்ள, இரத்தத் தட்டுகளும் அணுக்களும் அதில் சிக்கி அடைப்பாகின்றன. டயரிலும் வெளியே பாயும் காற்றே திரவத்தைத் துளைக்குள் தள்ளுகிறது. நார்கள் குறுக்கே மாட்டுகின்றன. துகள்கள் இடுக்குகளை நிரப்புகின்றன.

இந்த எண்ணம் புதிதன்று. இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் பெட்ரோல் தொட்டிகளுக்குள் பதப்படுத்தாத ரப்பர்ப் படலம் ஒன்றை வைத்தார்கள். குண்டு துளைத்தால், கசியும் பெட்ரோல் பட்டு ரப்பர் உப்பித் துளையை அடைத்துவிடும்.

துளை இருக்கும் இடத்துக்குப் போவது எப்படி?

வண்டி நிற்கும்போது திரவம் டயரின் அடியில் தேங்கிக் கிடக்கும். வண்டி ஓடினால்? மணிக்கு 36 கி.மீ. என்பது வினாடிக்கு 10 மீட்டர். சக்கரத்தின் ஆரம் கால் மீட்டர் என்று கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் முடுக்கம் 400 கிடைக்கிறது. புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 10. ஆகவே திரவம் தன் எடையைப் போல் 40 மடங்கு விசையோடு டயரின் வெளி வட்டத்தை அழுத்துகிறது. சாலையைத் தொடும் பரப்பின் உட்புறம் முழுவதும் அது படலமாகப் பரவிவிடும்.

இதிலிருந்தே ஒரு குறையும் புலப்படுகிறது அல்லவா? டயரின் பக்கச் சுவருக்கு இந்தக் காவல் இல்லை. அங்கே கிழிந்தால் சீலண்ட் உதவாது.

அடைப்பு எவ்வளவு தாங்கும்?

டயரில் காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 2 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். 3 மி.மீ. விட்டமுள்ள ஆணித் துளையின் பரப்பு ஏறத்தாழ 7 சதுர மி.மீ. அந்த அடைப்பைக் காற்று தள்ளும் விசை வெறும் 140 கிராம் எடை! ஒரு பெரிய கொய்யாப் பழத்தின் எடைதான். நார்க்குச்சம் இதைத் தாங்கிவிடும்.

துளை 6 மி.மீ. ஆனால்? பரப்பு நான்கு மடங்கு. விசையும் நான்கு மடங்காகி 560 கிராமைத் தாண்டுகிறது. ஆனால் அடைப்பைப் பிடித்துக்கொள்ளும் துளையின் விளிம்போ இரண்டு மடங்குதான் கூடியிருக்கிறது. துளை பெருகப் பெருகத் தள்ளுவது வெல்லும், பிடிப்பது தோற்கும். "பஞ்சரே ஆகாது" என்னும் பேச்சு இங்கேதான் பொய்த்துப் போகிறது.

டியூப் உள்ள டயர், இல்லாத டயர்

டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தினால், தடித்த ரப்பர் அந்த ஆணியையே இறுகப் பிடித்துக்கொள்ளும். காற்று மெல்லத்தான் கசியும். சீலண்டுக்கு வேலை எளிது. டியூப் உள்ள டயரில் அப்படியன்று. மெல்லிய டியூபிலிருந்து வெளியேறும் காற்று, டயருக்கும் டியூபுக்கும் இடையே புகுந்து, வால்வுத் துளை வழியாகவும் ஆரக்கம்பி துளைகள் வழியாகவும் தப்பிவிடும். சக்கரம் சுழலும்போது அசையும் ஆணி, டியூபை மேலும் கிழிக்கவும் கூடும்.

இன்னொன்றும் உண்டு. துளை அடைபட்டுவிட்டால் ஆணி குத்தியதே நமக்குத் தெரியாது. உள்ளேயே தங்கிய ஆணி ஒவ்வொரு சுற்றிலும் அசைந்து துளையைப் பெரிதாக்கும். ஆகவே சீலண்ட் ஊற்றியவர்தான் டயரை அடிக்கடி பார்க்க வேண்டும். அது முதலுதவி; சிகிச்சை அன்று. பஞ்சர் கடையில் முறையாக அடைத்தே ஆக வேண்டும்.

மறுநாள் அவருடைய மொபெட்டைப் பார்த்தேன். டியூப் உள்ள டயர். பின்சக்கரத்தில் பட்டைகள் எல்லாம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. ரப்பர் மெலிந்தால் குட்டை முள்ளும் டியூபை எட்டிவிடும். மேலே மீன் பெட்டியின் பாரம் வேறு.

"அண்ணே, மருந்துக்கு வைத்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து முதலில் இந்த டயரை மாற்றுங்கள். தினமும் புறப்படும் முன் காற்றைப் பாருங்கள். மருந்து அதற்கப்புறம்" என்றேன்.

"மருந்து வேணாங்கிறீங்களா?"

"வேண்டாம் என்று சொல்லவில்லை. தேய்ந்த டயரை அது புதிதாக்காது என்கிறேன்."

அடுத்த வாரம் அவர் மகன் வகுப்பில் சொன்னான், "சார், அப்பா டயர் மாத்திட்டாரு."

நீங்களே செய்து பாருங்கள்

இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களில் ஒரே உயரத்தில் ஊசியால் சிறு துளை இடுங்கள். ஒன்றில் வெறும் நீர். மற்றதில் ஊறவைத்து மசித்த காகிதக் கூழ் கலந்த நீர். எது முதலில் நிற்கிறது? பிறகு துளையைப் பென்சில் பருமனுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஒரு கணக்கும் தருகிறேன். அதே வண்டி மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் ஓடினால், திரவம் தன் எடையைப் போல் எத்தனை மடங்கு விசையோடு டயரை அழுத்தும்? அவசரப்பட்டு 80 என்று சொல்லிவிடாதீர்கள்!