கோடைக் காலத்தில் வீட்டு மின்சாரம்

பெங்களூரில் குடியேறிய தமிழர்களுள், சொந்த ஊருக்கு எழுதிய முதற் கடிதத்தில் "இங்கே விசிறியே வேண்டியதில்லை" என்று ஒரு வரி சேர்க்காதவர் அரிதாகவே இருப்பர். நாமும் அவ்வாறு எழுதியவரே. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் அமைந்த ஊராதலால் அந்த வரி பொய்யுமன்று. ஆனால் 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் இந்நகரத்தில் உஷ்ணம் 39.2 டிகிரியை எட்டியது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் 38.5 டிகிரி பதிவாயிற்று. இன்று அவ்வரியை எழுத எவருக்கும் மனம் துணியாது. விசிறி ஓடுகிறது, அதனுடன் மீட்டரின் எண்களும் ஓடுகின்றன.

மின்சாரத்துக்கும் இந்நாட்டிற்கும் உள்ள உறவு பழைமையானது. காவிரி சிவசமுத்திரத்தில் அருவியாக விழும் இடத்தில் 1902ஆம் ஆண்டு மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மைசூர்த் திவானாக விளங்கிய சர் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கப்பெற்ற பணி அது. அங்கு பிறந்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே சென்று கோலார் தங்கச் சுரங்கங்களை அடைந்தது. அச்சுரங்கங்களின் ஆழத்தில் உழைத்தவர்களுள் அந்நாளைய வடாற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து சென்ற தமிழர் பெருந்தொகையினர். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள்தான். நகரத்தாருக்கு முன்பே மின்சாரம் போய்ச் சேர்ந்தது, நம்மவர் உழைத்த சுரங்கத்திற்கே. இது பாட நூல்களில் அதிகம் சொல்லப்படாத செய்தி.

அந்தக் காவிரியே இன்று வேறொரு விந்தையையும் செய்கிறது. சிவசமுத்திரத்தில் கீழே விழுந்து மின்சாரம் தரும் அதே ஆற்றின் நீர், அதற்கு அருகிலேயே எடுக்கப்பட்டு, தொரேகாடனஹள்ளி என்னும் இடத்தில் தூய்மை செய்யப்பெற்று, மின்சாரத்தைச் செலவிட்டுப் பெங்களூருக்கு மேலே ஏற்றப்படுகிறது. 1974ஆம் ஆண்டு முதற் கட்டமும், 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டமும் தொடங்கின. தொலைவு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஏற்றம் ஏறத்தாழ 500 மீட்டர். ஆயிரம் லிட்டர் நீரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு, எதுவும் வீணாகவில்லை என்று கொண்டாலும், 1.36 யூனிட் வேண்டும். இயந்திரத்திலும் குழாயிலும் நேரும் இழப்பைச் சேர்த்தால் இரண்டு யூனிட்டை நெருங்கும். அதன் பிறகு நம் வீட்டுத் தொட்டியிலிருந்து மொட்டை மாடித் தொட்டிக்கு மற்றொரு மோட்டார். ஆகவே பெங்களூரில் சொட்டும் குழாயைச் சரி செய்பவர் மின்சாரத்தையும் சேமிக்கிறார். இது நம் மீட்டரில் தெரிவதில்லை. அதனாலேயே எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இனி வீட்டுக்கு வருவோம். பிழைப்புக்காக வந்தவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மேல் மாடி. வாடகை அங்கேதான் சற்றுக் குறைவு. நாமும் அல்சூரில் அத்தகைய வீட்டில் பல கோடைகளைக் கழித்தோம். பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இரவு ஒன்பது மணிக்குத்தான் அதை வீட்டிற்குள் கக்கத் தொடங்கும். விசிறியைப் போட்டால் தளத்தடியில் தேங்கிய வெப்பக் காற்றே தலைமேல் இறங்கும். விசிறியின் வேகத்தைக் கூட்டக் கூட்டப் புழுக்கமும் கூடியது போலிருக்கும். முதுமையடைந்த தாயாரை உடன் வைத்திருப்போருக்கு இது வெறும் அசௌகரியமன்று, அச்சம்.

அப்போது நாம் செய்த தவறு ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். தஞ்சை ஜில்லாவில் வளர்ந்த பழக்கத்தால், பகலெல்லாம் சன்னல்களைத் திறந்து வைத்தோம். இரவில் கொசுவுக்கு அஞ்சிச் சாத்தினோம். கடற்கரைப் பக்கத்து ஊர்களில் பிற்பகலில் கடற்காற்று வரும். திறந்த சன்னல் அங்கே உதவும். பெங்களூரில் கடற்காற்று ஏது? ஆயினும் இங்கு வேறொரு செல்வம் உண்டு. ஏப்ரல் மாதத்திலும் விடியற்காலையில் உஷ்ணம் 22, 24 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆதலால் இவ்வூரில் செய்யத்தக்கது, நம் பழக்கத்துக்கு நேர்மாறானது. காலை ஒன்பது மணியளவில் சன்னல்களை அடைத்துவிட வேண்டும். வெளிக்காற்று வீட்டுக் காற்றைவிடக் குளிர்ந்தபின், அதாவது மாலை மயங்கியதும், எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து விடியும்வரை வைத்திருக்க வேண்டும். கொசுவலை அடித்த சட்டத்துக்கு ஆகும் செலவு ஒரே முறைதான்.

மேற்கு முகச் சன்னலுக்குத் திரை தொங்கவிடுபவர்கள் அதை உட்புறம் தொங்கவிடுகிறார்கள். கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெயிலைத் துணி என்ன செய்யும்? மூங்கில் தட்டியை வெளிப்புறம் கட்டினால் வெயில் வாயிலிலேயே நின்றுவிடும். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் இத்தகையதே. வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும், கருத்த சிமெண்டு விழுங்கும். நம் வீட்டுக்கார அம்மையாரிடம் இதைக் கேட்டபோது, "தளம் என்னுடையது, வெயில் உங்களுடையதா சார்?" என்று சிரித்தார். சுண்ணாம்பை நாம் வாங்கித் தருகிறோம் என்றதும் இணங்கினார். அக்கோடையில் இரவு ஒன்பது மணிப் புழுக்கம் வெகுவாகக் குறைந்தது. மறு கோடைக்கு அவரே ஆளை வைத்து அடித்துவிட்டார்.

விசிறியைப் பற்றிப் பலருக்கு ஒரு மயக்கம் உண்டு. விசிறி அறையைக் குளிரச் செய்வதில்லை. வியர்வையை உலர்த்தி ஆளைத்தான் குளிரச் செய்கிறது. ஆளில்லாத அறையில் ஓடும் விசிறியால் மோட்டாரின் சூடு அறையில் சேர்வதைத் தவிர வேறு பயனில்லை. பழைய வகை விசிறி முழு வேகத்தில் ஏறத்தாழ 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. என்னும் புதுவகை 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் ஒரு விசிறியிலேயே மாதம் இருபது யூனிட் மிஞ்சும். வாடகை வீடானாலும் வாங்கலாம்; வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம் அன்றோ?

நீர் ஆவியாவதால் குளிரூட்டும் ஏர்கூலர், காற்று உலர்ந்திருக்கும் பெங்களூர்க் கோடைக்கு ஏற்றது. ஏர்கண்டிஷனரைவிட மிகக் குறைந்த மின்சாரமே வேண்டும். அதைப் போட்டுவிட்டுக் கதவு சன்னல்களை இறுக மூடுபவர்கள் ஈரத்தில் புழுங்குவார்கள். ஒரு சன்னலாவது திறந்திருத்தல் அவசியம். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் இந்த யோசனை செல்லாது என்பதும் உண்மையே.

ஏர்கண்டிஷனர் வைத்திருப்போருக்கு ஒன்று. 18 டிகிரியில் வைத்தால் அறை விரைவில் குளிரும் என்று நினைப்பது பிழை. சாதாரண வகை இயந்திரம் எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும், நிற்பதுதான் தாமதமாகும். ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 2020 ஜனவரி முதல், விற்பனைக்கு வரும் இயந்திரங்கள் 24 டிகிரியில் தொடங்குமாறு விதிக்கப்பட்டது. 26இல் வைத்து மெல்ல ஒரு விசிறியையும் ஓடவிட்டால் உறக்கத்துக்குக் குறைவிராது.

குளிர்பதனப் பெட்டி இரவு பகலாக உழைப்பது. அதன் பின்புறம் சுவரை ஒட்டியிருக்கலாகாது. கதவு ரப்பர் தளர்ந்ததா என்று அறிய, ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்க்கலாம். தடையின்றி வந்துவிட்டால் ரப்பரை மாற்ற வேண்டும்.

கட்டண விஷயம் குடித்தனக்காரர்கள் கவனிக்கத் தக்கது. கர்நாடக அரசு 2023இல் கொண்டுவந்த கிருஹ ஜோதித் திட்டத்தில் வாடகைக்கு இருப்போரும் சேர இடமளிக்கப்பட்டது. 2022-23ஆம் ஆண்டின் மாதச் சராசரிக்கு மேல் பத்து சதவீதம் வரை, 200 யூனிட்டுக்குட்பட்டு, கட்டணமில்லை என்பது 2023இல் அதன் விதியாக இருந்தது. சராசரி 150 ஆனால் 165 வரை இலவசம், மிகுதிக்குப் பணம். 200ஐத் தாண்டினாலோ அம்மாதம் முழுத் தொகையும் செலுத்த வேண்டும். அதாவது கோடையில் 201ஆவது யூனிட்தான் மிக விலையுயர்ந்தது. மூன்று குடித்தனங்கள் ஒரே மீட்டரில் இருக்கும் வீடுகளில் இவ்வெல்லை முதல் இரண்டு வாரங்களிலேயே கடந்துபோகலாம். வீடு பார்க்கும்போதே தனி மீட்டரும் தனி ஆர்.ஆர். எண்ணும் உண்டா என்று கேட்டுக்கொள்வது நலம். மாத நடுவில் ஒருமுறை மீட்டரைப் படித்துக் குறித்துக்கொண்டால் பின் பாதியைச் சமாளிக்கலாம்.

2023இல் பருவமழை பொய்த்து, கர்நாடகத்தின் 236 தாலுகாக்களில் 223 வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அணையில் நீரில்லையேல் நீர்மின்சாரமும் இல்லை. பாவகடாவின் சூரிய மின்நிலையம் 2,050 மெகாவாட் திறனுடையதாயினும் சூரியன் மறைந்ததும் ஓய்ந்துவிடும். விளக்கும் விசிறியும் அடுப்பும் ஒருங்கே கேட்பதோ அந்த நேரத்தில்தான். ஆகையால் மோட்டார் போடுதல், மாவு ஆட்டுதல், துணி தேய்த்தல் ஆகியவற்றைப் பகலில் முடித்துவிடலாம். இதனால் நம் பில் குறையாது, மின்வெட்டு குறையக்கூடும். (அலுவலக மொழிபெயர்ப்பு ஒன்றில் லோட்ஷெடிங் என்பதற்குச் "சுமை உதிர்ப்பு" என்று எழுதி நண்பர்களின் நகைப்புக்கு ஆளானோம். மக்கள் மிகச் சரியாக மின்வெட்டு என்று முன்னமே பெயரிட்டிருந்தனர்.)

சிக்கனம் என்னும் பெயரால் முதியோர், கைக்குழந்தை, நோயாளி ஆகியோர் அறையில் விசிறியை நிறுத்தவே கூடாது. உடல் கொதித்து, வியர்வை நின்று, பேச்சுத் தடுமாறுமானால் அது வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். ஈரத்துணியால் உடலைத் துடைத்துக்கொண்டே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். யூனிட் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ மாம்பழ மழை வரும். முதல் காற்றிலேயே மரக்கிளை கம்பிமேல் விழுந்து தெரு இருண்டுபோவது இங்கு வழக்கம். அப்போது குளிர்பதனப் பெட்டியையும் ஏர்கண்டிஷனரையும் சுவிட்சில் அணைத்துவிட்டு, 1912 என்ற எண்ணில் தகவல் தெரிவித்து, சன்னல்களைத் திறந்து வைக்கலாம்.